ஒத்துப் பாக்க ஒரு ஆளு

என்ற ஊட்டுக்காரிக்கு மறதி நோய்னு சொன்ன டாக்டரு, பாலக்காட்டுல ஆராய்ச்சி பண்ற ஒரு டாக்டர் புள்ளைகிட்டயும் எங்களை அனுப்பி வச்சார். வயசானா மூளை எப்படிச் சுருங்குது, நோய் வந்தா எப்படிச் சுருங்குதுன்னு படம் புடிச்சுப் பாக்கற ஆராய்ச்சி அது. எங்களுக்குக் கொழந்தை குட்டி இல்லீங்க. அவளைக் குளிப்பாட்டறது, சோறூட்டறது, வெளிய போயிராம கேட்டைப் பூட்டறது எல்லாம் நான் ஒருத்தன்தான். எங்கயாச்சும் ஒரு வழி கெடைக்காதான்னு கொழிஞ்சாம்பாறையில பஸ் ஏறிப் போனோம்.

ஸ்கேன் மிசினுக்குள்ள படுக்க மாட்டேன்னு ஒரே அழுகை. "என்ற ஊட்டுக்காரரு வரட்டும், அவரைக் கேக்காம படுக்க மாட்டேன்"ங்கறா. நாந்தான் அம்மிணி அதுன்னா, என்ற மொகத்தைப் பாத்துட்டு மறுபடியும் அழுவறா. படம் எடுத்து முடியற வரைக்கும் அவ காலைப் புடிச்சுக்கிட்டே நின்னேன்.

அப்பறம் அந்தப் புள்ள என்னைப் பாத்துச்சு. "அங்கிள், உங்களையும் எடுக்கட்டா? நோயில்லாத ஒராளு வேணும். அதே வயசு, அதே வீடு, அதே சாப்பாடு. ஒத்துப் பாக்க நீங்கதான் சரி"ன்னு மலையாளம் கலந்த தமிழ்ல கேட்டுச்சு. எனக்குக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. உள்ள படுத்தா, கம்ப்ரசர் வச்சுக் கெணறு வெட்டற மாதிரி சத்தம். அசையாம கெடந்தேன்.

கொஞ்ச நாள் கழிச்சு போன் வந்துச்சு. அந்தப் புள்ளதான், நேர்ல வரச் சொல்லுச்சு. "தோப்புல தேங்கா போடறவங்க மரத்து மேல இருக்காங்க, விசயத்தைச் சொல்லு கண்ணு"ன்னேன்.

"உங்க ஸ்கேனை ஒத்துப் பாக்க எடுக்க முடியாது அங்கிள்."

"ஏன், ஆடிட்டனா? மறுக்கா எடுத்துக்க."

"ஆடலை. ஆன்ட்டிக்குச் சுருங்கியிருக்கற அதே எடம் உங்களுக்கும் வயசுக்கு மீறிச் சுருங்கியிருக்கு. படத்தை மட்டும் வச்சு நோய்னு சொல்ல முடியாது. ஆனா சீக்கிரம் டாக்டரைப் பாருங்க."

மோட்டாரைப் போட்டுட்டு மறந்து, தோப்பெல்லாம் தண்ணி நின்னப்ப வயசாயிருச்சுன்னுதான நெனச்சேன்? அந்தப் புள்ள மேல வந்துச்சு பாருங்க ஒரு கோவம். செவனேன்னு இருந்தவனைக் கூப்புட்டுப் படுக்க வச்சு இதைச் சொல்லுன்னு யாரு கேட்டா? எனக்கு வந்தா வந்துட்டுப் போவுது. கேட்டைப் பூட்ட நான் மறந்தா அவ வாய்க்கால்ல போய் உழுந்துருவாளே. அவளுக்குச் சோறு போடோணும்ங்கறதே எனக்கு மறந்துட்டா? சாமி மேல கூட நம்பிக்கை போயிருச்சுங்க.

மத்தியானம் அவளுக்குச் சோறூட்டறப்ப அடக்க முடியலை. "எனக்கும் உன்ற நோய்தானாட்ட இருக்குது அம்மிணி. உன்னை இனி யாரு பாப்பா?"ன்னு அழுதுட்டேன்.

அவ என்னையே பாத்தா. முந்தானையில என்ற கண்ணைத் தொடச்சு உட்டா. அப்பறம், ஊருக்குப் புதுசா வந்தவங்களை விசாரிக்கற மாதிரி மரியாதையாக் கேட்டா.

"அழுவாதீங்க. உங்களைப் பாத்துக்க ஊட்ல ஆளிருக்குதுங்களா?"

"இருக்குதுங்க"ன்னேன்.

சரின்னு தலையாட்டிட்டு, அடுத்த வாய்ச் சோத்துக்கு வாயைத் தொறந்தா.