ஒரு நடைக்கு ஒரு வடை

தொண்ணூறுகளில் செம்பாக்கம் ஏரிக்கரையில் காலையில் என்னோடு நடந்தவர், மின்சார ரயில் ஓட்டுநர். வயிற்றின் மேல் சட்டைப் பித்தான்கள் திணறும். எடை குறையும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தாம்பரத்தில் ஏதோ மேசை வேலையில் உட்கார வைத்திருந்தார்கள். தூரத்தில் ரயில் ஹாரன் கேட்டால் நின்றுவிடுவார். இடது கை தானாக எதையோ பிடித்துத் திருப்பும்.

கரையின் கோடிவரை போய்த் திரும்பினால் டீக்கடையில் ஒரு மசால் வடை. இரண்டு முறை நடந்தால் இரண்டு.

"நடந்து எரிச்ச கலோரியைத்தான் சார் திருப்பிச் சாப்பிடறேன். கூட ஒண்ணுமில்ல. டேலி ஆயிடும்."

"டேலி ஆனா வெயிட் அப்படியேதானே சார் இருக்கும்?" என்றேன்.

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். தாம்பரம் பக்கம் ஹாரன் கேட்டது.

"அப்போ நான் என்னிக்கு சார் வண்டி ஏறறது?"

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை; சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கேட்டார். பாதி வடையைக் காகிதத்தில் வைத்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்தக் கடையைத் திரும்பிப் பாராமல் வேகமாகக் கடந்தார். அந்தக் கோடையிலேயே நான் கேளம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டேன்.

அதன்பிறகு பல வருடங்கள், தாம்பரத்தில் ரயில் ஏறும்போதெல்லாம் முதல் பெட்டிவரை நடந்துபோய் ஓட்டுநரின் ஜன்னலை எட்டிப் பார்ப்பேன். தேடியது அந்தப் பருத்த முகத்தைத்தான். அந்த முகத்தோடு அவரை அங்கே உட்கார விட்டிருக்க மாட்டார்கள். இளைத்து உட்கார்ந்திருந்தால், எனக்கு அடையாளம் தெரிந்திருக்காது.