மஞ்சள் கயிறும் வெள்ளை அங்கியும்

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு வேலை கிடைத்தது. கெடாவில், குருண் பட்டணத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. மூன்று மாதம் சோதனைக் காலம், பிறகுதான் நிரந்தரம். எங்கள் ஊர் புக்கிட் செலம்பாவிலிருந்து கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

உள்ளே உலோகம் எதுவும் கூடாதாம். வளையல், தோட்டைக் கழற்றுவது சரி. தாலிக்கொடி என்றதும் என் வீட்டுக்காரர் குதித்தார்.

"வேலைக்குப் போ, வேணாங்கல. ஆனா கழுத்து வெறுமையா இருக்கக் கூடாதுலா."

அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிவிட்டார். பெரிய பொறியாளர் என்று நினைப்பு!

இரண்டாம் நாளே தொழிற்சாலையில் கொடுத்த வெள்ளை அங்கியின் கழுத்துப் பட்டை சாம்பார் சாதம் மாதிரி ஆகிவிட்டது. மேற்பார்வை பார்க்கும் மலாய்க்கார அக்கா, கறி கொட்டிவிட்டதா என்று கேட்டார். தாலி என்று விளக்கினேன். பாவம், அவருக்கும் சங்கடம்தான். "நாளைக்கு இது இல்லாமல் வா. இல்லையென்றால் வராதே," என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து சந்தியில் நிறுத்தினார். பஸ் வந்து ஹார்ன் அடித்தது.

"கட்டுனது நீங்கதானே, நீங்களே அவுத்துவிடுங்க."

தலைவழியாகக் கழற்றினால் ஆகாது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. முடிச்சில் கைவைத்தார். தோட்டத்து லாரி ஓட்டுகிற கைக்கு அந்தச் சின்ன முடிச்சு பிடிபடவில்லை. பஸ்ஸிலிருந்த பெண்கள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். பஸ் கிளம்பினால் வேலை போச்சு. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒருவழியாக அவிழ்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பினார்.

அன்று சாயங்காலம் அதே சந்தியில் காத்திருந்தார். வீட்டுக்குப் போனதும் சாமி படத்துக்கு முன்னால் நிற்க வைத்துக் கட்டினார். மூன்றாவது முடிச்சுப் போட நாத்தனாரா இருக்கிறாள்? அதையும் அவரே போட்டார். கொடி பெட்டியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தினமும் காலையில் அவிழ்ப்பு, சாயங்காலம் கல்யாணம். ஒரே ஆளை இத்தனை தடவை கட்டிக்கொண்டவள் கெடாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்று மாதம் முடிந்து, வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்த அன்று, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு விளையாட்டாகக் கேட்டார்.

"ஒருநாளு கோவத்துல நான் கட்ட மாட்டேன்னுட்டா என்னா செய்வ?"

"வேலைக்குப் போவேன்," என்றேன்.

சிரித்தார். ஆனால் அன்றைக்கு முடிச்சு கொஞ்சம் இறுக்கமாகவே விழுந்தது.