ஓர்ப்படியின் அரிசிப் பை

பொறாமை பெரும் பாவம் என்று மாதர் சங்கத்தில் நானே பலமுறை பேசியிருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் ஓர்ப்படியின் மேல்தான் இருக்கும். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்று சொன்னவர் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார்கள். குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். பாட்டுக்குக் குரல் உண்டு. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமே சபையின் மாதர் சங்கத்துக்குத் தலைவியாகிவிட்டேன். கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவளோ எழுத்துக் கூட்டித்தான் வேதம் வாசிப்பாள். அவள் பாட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ராகம் தப்பிவிடும். அவளைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் எங்கள் லைன் வீடுகளில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டினார்கள். என் வீடு முதல் வீடு. அதைத் தாண்டித்தான் அவளிடம் போகவேண்டும். பிள்ளைக்கு மாந்தம் என்று ஓடிவருகிறவள், மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு அழுதுகொண்டு வருகிறவள், எல்லாரும் என் வாசலைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு காலடிக்கும் எனக்கு வயிறு எரியும். என் வீட்டுக்காரரே ஒருமுறை வயிற்றுக் கடுப்பில் படுத்திருந்தபோது நான் வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு, தம்பி வீட்டுக் கஞ்சி இன்னும் கொஞ்சம் இளக்கமாக இருக்கும் என்றார். அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் பிடி அரிசி. எங்கள் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து, கடவுளுக்கென்று தனிப் பானையில் போட்டுவைப்போம். மாதத்தின் முதல் ஞாயிறன்று அதைத் துணிப்பையில் கொண்டுபோய், எல்லாரும் பார்க்க, கோயிலில் பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் அண்டாவில் கொட்டவேண்டும். என் பை கழுத்துவரை நிறைந்திருக்கும். அவள் பை பாதிகூட இருக்காது. அவள் கொட்டும்போது சத்தம் தொடங்குவதற்குள் முடிந்துவிடும். அந்தச் சத்தத்துக்காகவே நான் முதல் ஞாயிறுகளுக்குக் காத்திருந்தேன். கர்த்தர் மன்னிக்கட்டும்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம், அவள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு சந்தைத் திடல் பக்கம் போவதைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது எட்டு மாதம். இந்த வயிற்றோடு வெயிலில் எங்கே போகிறாள் என்று பின்னாலேயே போனேன். திடலுக்கு அப்பால் ஒரு கீற்றுக் குடிசைக்குள் நுழைந்தாள். தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பாயில் கிடந்தாள். அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு என் ஓர்ப்படி கஞ்சி ஊட்டினாள். பிறகு ஒரு செம்பைத் திறந்து இரண்டு வாய் தண்ணீர் விட்டாள். அம்மா மண்டபத்துப் படித்துறைத் தண்ணீர், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தது என்றாள். பாயில் கிடந்தவள் ரங்கா ரங்கா என்று சொல்லிக்கொண்டு குடித்தாள்.

அவள் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரிய வீட்டில் நெல் குத்திப் பிழைத்தவள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கண்ணில் பூ விழுந்து பார்வை மங்கிப்போய், ஒருநாள் தடுக்கி விழுந்து இடுப்பும் ஒடிந்தது. பொன்மலையில் கூலி வேலை செய்த தம்பி கூட்டிவந்து வைத்துக்கொண்டான். சில மாதத்தில் அவனும் தேயிலைத் தோட்ட வேலைக்குக் கண்டிச் சீமை போய்விட்டான்.

தட்டிக்கு வெளியே நின்ற எனக்கு வந்தது இரக்கம் இல்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம். பிடி அரிசி எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை மாதர் சங்கத்தில், ஜெபம் முடிந்த கையோடு, எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். கடவுளுக்கென்று எடுத்துவைத்த அரிசியில் கை வைக்கலாமா? ஸ்ரீரங்கத்துத் தீர்த்தம் கொண்டுவந்து ஊற்றுவது விசுவாசிகள் வீட்டுப் பெண் செய்கிற காரியமா? பேரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அரிசியில எடுத்தது தப்புதாங்கக்கா. எங்க சோத்துலேர்ந்து குடுத்திருக்கணும். அவங்களுக்கு ஆத்துத் தண்ணி மேல ஆசை, அதான்" என்றாள். உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கூட்டம் கலைந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். என்னிடம் ஒருத்தி மட்டும் வந்து கோயில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புரட்டாசி பிறந்த முதல் வாரத்தில் ஒரு காலை அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வருவதற்கு முன்பே எனக்கு ஆள் அனுப்பினாள். நான் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நாப்பது நாளைக்கு நான் வெளிய போக முடியாது. அந்தக் கஞ்சிய நீங்கதான் கொண்டுபோய்க் குடுக்கணும்."

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

போனேன். எதற்காகப் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவளைவிட நன்றாகச் செய்துகாட்டத்தான் போனேன். அவள் கொடுத்தது வெறும் நொய்க் கஞ்சி. நான் முதல் நாளே மிளகு தட்டிப்போட்டு ஆட்டுக்கால் ரசம் வைத்து, ஆவி பறக்கக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும் கிழவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பெரட்டாசி ஆச்சே, தாயி" என்றாள். பெருமாள் மாதத்தில் கவுச்சி தொடமாட்டாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கொஞ்சம் பொறுத்து, "அவ வரலியா?" என்று கேட்டாள்.

மறுநாள் நொய்க் கஞ்சிதான் கொண்டுபோனேன். அன்றும் கேட்டாள், அவள் வரவில்லையா என்று. தினமும் கேட்டாள். பிரசவம் என்று சொன்னால் தலையாட்டுவாள். சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவாள். நான் உடம்பைத் துடைத்துவிட்டால், அவ தொடச்சா வலிக்காது என்பாள். நான் தலைவாரினால் அவள் கையில் சிக்கு தானாக விடும் என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன், துணி மாற்றினேன், அசிங்கத்தை அள்ளிக் குழிதோண்டிப் புதைத்தேன். கட்டிலில் பிள்ளையை அணைத்துக்கொண்டு கிடப்பவளுக்கு இங்கே தினமும் புகழ்மாலை.

மூன்றாம் வாரம் காய்ச்சல் வந்தது. ஆற்றுத் தண்ணீர் வேண்டும் என்றாள். முதலில் கேளாததுபோல் இருந்தேன். மறுபடி மறுபடி கேட்டாள். கடைசியில் மாதர் சங்கத் தலைவி முந்தானைக்குள் செம்பை ஒளித்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனேன். படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த ஒரு மாமி, வெறுமனே மொண்டுகொண்டு போகக்கூடாது, ஒரு முழுக்குப் போட்டுவிட்டு எடு என்றாள். யாரென்று கேட்டுவிடப் போகிறாளே என்ற பயத்தில் சேலையோடு முங்கி எழுந்தேன். ஈரத் தலையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன். இவ்வளவும் செய்தேன் என்று யாருக்காவது தெரியவேண்டுமே என்றும் வேண்டிக்கொண்டேன்.

குடிசைக்குப் போனபோது காய்ச்சல் கொதித்தது. தலையை மடியில் எடுத்துவைத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். விழுங்கினாள். கையைத் தூக்கி என் கன்னத்தைத் தடவினாள்.

"வந்துட்டியா, கண்ணு" என்றாள். "நடுவுல ஒருத்தி வந்துட்டிருந்தா. குறை சொல்லக்கூடாது, எல்லாம் செஞ்சா. ஆனா அவ எனக்காக வரல. நீ வந்துட்ட. உன் வயிறு குளுந்து கெடக்கணும். உன் புள்ள நல்லாருப்பான். ரங்கன் உன்னக் கைவிடமாட்டான்."

நான் அவள் இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபது நாள் அசிங்கம் அள்ளியவள் நான். உன் வாயில் விழுகிற தண்ணீருக்காக ஸ்ரீரங்கம் போய் முங்கி எழுந்தவள் நான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மலர்ந்த முகம் இறுகிப்போவதையும் பார்த்திருக்கலாம்.

"ஆமாங்க, வந்துட்டேன்" என்றேன். அவள் பேசுவதுபோல் மெதுவாகச் சொன்னேன். கிழவி என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனாள். மறுநாள் விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து குளித்துவிட்டு ஓர்ப்படியிடம் போனேன். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. கடைசியாக என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். குடிசையில் என்னைத் தவிர யாரும் இருக்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் அதுதான் நடந்ததாகிவிடும்.

"உன்னத்தான் வாழ்த்துனாங்க. உன் வயிறு குளுந்து கெடக்கணும்னாங்க, புள்ள நல்லாருப்பான்னாங்க."

அவள் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத்தன நாள் பாத்தது நீங்கதானக்கா. உங்களப் பத்தியும் சொல்லியிருப்பாங்களே" என்றாள்.

"சொன்னாங்க. அவ எனக்காக வரலன்னாங்க."

அப்படியெல்லாம் இல்லை அக்கா என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சொல்லவில்லை. பொய் சொல்ல வராதவள். பிள்ளையை மார்போடு பிடித்தபடி கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள், உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். அப்போதும் அவள்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.