சட்டைக் கைக்குள் பாம்பு

மகளின் பாம்பை வெளியே கொண்டுபோவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் மூன்று மாதம் சண்டை நடந்தது. மூன்றடி நீளம், செம்மஞ்சள் நிறம், விஷமில்லாதது. மேல்மாடிப் பெண் வடக்கே வேலைக்குப் போகும்போது கண்ணாடிப் பெட்டியோடு மகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பிரிட்ஜின் உறைபெட்டியில் என் மீன் பொதிக்குப் பக்கத்தில் அதற்குத் தீனியான எலிப் பொதி. சமைக்கும்போது மாறி எடுத்துவிடுவேனோ என்று நாளுக்கு இரண்டு தரம் திறந்து பார்ப்பேன். எதையும் ஒரு தரம் பார்த்து மனம் ஆறுகிறவள் இல்லை நான்.

மகளுக்குப் பதினான்கு வயது. தன்னிடம் பாம்பு இருக்கிறது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள். படம் காட்டியும் யாரும் நம்பவில்லை. ஒருத்தி அவளுக்குப் பொய்க்காரி என்று பெயர் வைக்க, அது ஒட்டிக்கொண்டது.

"ஒருக்கா மட்டும், அம்மா. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கொண்டுபோவம். அவையள் கண்ணாலை பாத்தாப் போதும்."

"அங்கை எங்கடை கோயில் சனம் முழுக்க நிக்கும். என்ன கதைப்பினம் எண்டு தெரியுமே?"

"உங்களுக்குச் சனம்தான் பெரிசு."

உண்மைதான். பாம்பைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. வீடு வீடாகத் துடைக்கப் போகிற எனக்கு வேலை பிடித்துத் தருவது அந்தச் சனம். பாம்பு வளர்க்கிறவளை எந்தச் சிஞ்ஞோராவிடம், எந்த வீட்டுக்கார அம்மாவிடம் சேர்த்துவிடுவார்கள்? ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்தால் வந்து, சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சரி, போய்த் தொலைவோம் என்றேன்.

நாங்கள் இருக்கும் பிரான்காச்சோவிலிருந்து பஸ் ஏறினோம். துணிப்பைக்குள் பாம்பு, அது மகளின் மடியில். வெயில் இருந்தாலும் காற்று குளிர்ந்தது. நான் கம்பளிச் சட்டையோடு, யாராவது தெரிந்தவர் ஏறுகிறாரா என்று ஒவ்வொரு தரிப்பிலும் எட்டிப் பார்த்தேன்.

கால்சா கடற்கரைப் புல்வெளியில் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் நின்றார்கள். பெயர் வைத்தவள் இன்னும் வரவில்லை. மகள் பாம்பை வெளியே எடுத்தாள். பந்தடித்தவர்கள் ஆட்டத்தை விட்டு ஓடிவந்தார்கள். சுற்றிலும் தொலைபேசிகள். கழுத்தில் போட்டார்கள், கைமாற்றினார்கள். மகளின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. சந்தோசமாக இருந்தது, ஆனாலும் கோயில் சனம் யாராவது பார்க்கிறார்களா என்று கண் தேடியது. நிற்க முடியாமல் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

நெரிசலில் ஒரு நாய் குரைத்தது. "அம்மா, ஒருக்காப் பிடியுங்கோ," என்று மகள் பாம்பை என்னிடம் நீட்டினாள். நான் பிடிக்கவில்லை, அதுதான் என்னைப் பிடித்தது. என் சட்டைக் கைக்குள் புகுந்து, முழங்கை தாண்டி, கக்கத்துக்குள் போய்ச் சுருண்டுகொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். சிஞ்ஞோராவை அதற்குப் பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

அப்போதுதான் பெயர் வைத்தவள் வந்தாள். எங்கே பாம்பு என்று கேட்டாள். மற்றவர்கள் என் தோளைக் காட்டினார்கள். அவள் உதட்டைச் சுளித்தாள்.

"வெளியாலை எடுங்கோ, அம்மா," என்றாள் மகள். "கெதியா."

எடுக்கத்தான் கையை வைத்தேன். அதன் மூச்சு என் விலாவில் பட்டுப் பட்டு அடித்தது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். போர் நேரம் வன்னியில் பங்கருக்குள் என் தங்கை இதே கக்கத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இப்படித்தான் மூச்சு விடுவாள். ஷெல் ஓய்ந்த பிறகும் வெளியே வரமாட்டாள். நானும் இழுத்ததில்லை.

"ஏலாது," என்றேன். "அது விளையாடேல்லைப் பிள்ளை. ஒளிச்சிருக்கு. வீட்டை போவம்."

"ஒரு நிமிசம், அம்மா. அவள் பாக்கட்டும். பிளீஸ்."

நான் கையைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் சிரிப்புக் கேட்டது. மகள் பத்தடி தள்ளி அழுதுகொண்டு வந்தாள். பெற்ற பிள்ளையை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஒரு பாம்பைக் காப்பாற்றுகிறேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது. ஆனாலும் கையைத் தளர்த்தவில்லை.

பஸ்ஸில் நல்ல சனம். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூர நின்றாள். இரண்டு தரிப்புப் போனபின், ஆட்கள் என் தோளில் இடிப்பதைக் கண்டு வந்து என் முன்னால் நின்றாள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, யாரும் என் தோளில் இடிக்காமல் மறித்துக்கொண்டாள்.

"நாளைக்கு நான் என்ன சொல்ல?"

"அம்மா பாம்புக்குப் பயந்து ஓடீட்டா எண்டு சொல்லு."

அப்படியே சொல்லியிருக்கிறாள். பெயர் வைத்தவளிடமும் அது எடுபட்டது. இல்லாத பாம்புக்கு ஒரு தாய் பயந்து ஓடமாட்டாள்தானே.

இப்போது நான் வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூட வாசலைக் கடந்தால், அந்தப் பிள்ளைகள் "ஸ்ஸ்" என்று சீறுவார்கள். நான் துள்ளி விலகி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓடுவேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்களோடு நிற்கும் என் மகள் மட்டும் சிரிக்கமாட்டாள். அப்படியான நாட்களில் நான் வேலை முடிந்து வரும்போது, கேட்காமலே சட்டி பானையெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பாள்.