மழை ஊரில் ஒரு வாய்க்கால் முறை

இந்த ஊரில் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் மழையைத் திட்டுகிறார்கள். பால் புட்டியை எடுக்கக் கதவைத் திறந்தால் போதும், அடுத்த வீட்டு டோரத்தி வேலிக்கு அப்பாலிருந்து வானத்தைக் காட்டி, "பாருங்கள், மறுபடியும் என்ன அநியாயம்!" என்பார். வடக்கு இங்கிலாந்தின் இந்த நெசவாலை ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அது கூச்சமாக இருந்தது. வாடிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள் மழையை எப்படிப் பழிப்பாள்? சிரித்து மட்டும் வைப்பேன். எனக்கு ஆங்கிலம் தெரியாதென்றே டோரத்தி வெகுநாள் எண்ணியிருந்தார். ஒருநாள் வீட்டுக்குள் வந்து என் புத்தக அலமாரியைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

நான் திருநகரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகள். எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்குத் திருமணமானபோது, என் கணவர் மதுரை ஆலையொன்றில் இயந்திரப் பொறியாளர். ஆனாலும் வாடிப்பட்டி வயல் அவரை விடவில்லை. அங்கே வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் கிடைக்கும். நம் முறை வரும்போது நம் வீட்டு ஆள் மடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும். ஆலையிலிருந்து நேரே வந்து, முழுக்கால் சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு மண்வெட்டியோடு ஓடும் பொறியாளரைத்தான் புது மணப்பெண்ணாகிய நான் வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிறுவயதில் வந்த காய்ச்சலொன்று அவருடைய இதய வால்வைப் பழுதாக்கியிருந்தது. வேலைக்காக நாங்கள் இங்கே வந்த பிறகு, எண்பதுகளின் நடுவில் அதை மாற்றினார்கள். அறுவை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்: இதயத்தை நிறுத்திவிட்டு இயந்திரத்தால் இரத்தத்தை ஓடவிடும்போது சிறுநீரகங்கள் சோர்ந்துபோகலாம், மனமும் சில நாள் கலங்கலாம். நான் 'சில நாள்' என்பதை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டேன். இரண்டுமே நடந்தன. புது வால்வு சீராக இயங்கியது. ஆனால் கட்டிலோரம் தொங்கிய பையில் சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டது. உடம்பில் நீர் தேங்கிவிடக்கூடாதென்று குடிக்கும் தண்ணீரையும் அளந்து கொடுத்தார்கள். இப்படியே நீடித்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் இணைக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அதைவிட, அவர் பழைய மனிதராகத் திரும்புவாரா என்பதே என் பயமாக இருந்தது.

ஒரு பிற்பகல் நான் போனபோது அவர் கட்டிலிலிருந்து இறங்கத் துடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் மார்கரெட் அவர் தோளைப் பிடித்திருந்தார்.

"விடுங்கப்பா! இன்னைக்கு நம்ம முறை. மடையில ஆள் இல்லைன்னா தண்ணி போயிரும்!"

"வலிக்கிறது என்கிறாரா?" என்று மார்கரெட் கேட்டார்.

"வயலுக்குத் தண்ணீர் வரும் முறையாம்," என்று ஆங்கிலத்தில் விளக்கினேன். மார்கரெட் கட்டிலோரப் பையைப் பார்த்துப் பெருமூச்செறிந்தார். "நானும் அதற்குத்தான் காத்திருக்கிறேன்." பிறகு, இது மருத்துவமனை என்பதை என் கணவருக்குப் பொறுமையாக நினைவூட்டச் சொன்னார்.

நினைவூட்டினேன். "ஆஸ்பத்திரியில எனக்கென்ன வேலை? அங்க பயிரு காயுது!" என்று அவர் குழாயைப் பற்றி இழுத்தார். எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"உங்க தம்பி மடையில நிக்கிறாரு. நீங்க படுங்க."

அது பொய்யுமல்ல, நாங்கள் இங்கே வந்ததிலிருந்து அந்த வயலை அவர் தம்பிதான் பார்த்துவந்தார். குழாயைப் பிடித்திருந்த அவர் கை தளர்ந்தது. "அவனா? வரப்புலயே தூங்கிருவானே பயபுள்ள," என்றார். பிறகு கண்ணை இடுக்கி என்னைப் பார்த்தார்.

"ஆமா, நீங்க யாரு வீட்டுப் பிள்ள?"

"திருநகர் வாத்தியார் மக."

"அட, அந்தப் பிள்ளையத்தான் எனக்குப் பேசியிருக்காக! எந்நேரமும் புஸ்தகமும் கையுமாத்தான் இருக்குமாம். வாடிப்பட்டிக்கு வருமான்னுதான் ரோசனையா இருக்கு."

"வரும். எங்க கூப்பிட்டாலும் வரும்."

"அம்புட்டு உறுதியாச் சொல்றீக?"

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச பிள்ளதான்."

எங்கள் பேச்சு புரியாவிட்டாலும், அவர் கண்ணை இடுக்கியதை மார்கரெட் கவனித்திருந்தார். "இவர் கண்ணாடி அணிபவரா?" என்றார். அது என் கைப்பையில் இருந்தது. பத்திரமாக இருக்கட்டுமென்று, நகையைப் போலத் துணியில் சுற்றி நான்தான் எடுத்து வைத்திருந்தேன். அது இல்லாமல் நானும் சுவரும் அவருக்கு ஒரே மங்கல். எடுத்து மாட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு சன்னலை நெடுநேரம் பார்த்தார்.

"மழை பெய்யுது போல."

"ஆமா, நல்லாப் பெய்யுது."

"அப்ப முறைக்கு எதுக்கு ஓடணும்?" என்று தலையணையில் சாய்ந்துகொண்டார். இந்த ஊர் மழையை நான் கும்பிட்டது அன்றுதான்.

மனம் ஒரேயடியாகத் தெளிந்துவிடவில்லை. வந்து வந்து போயிற்று. சில நாள் கழித்து, நிறைந்த பையை மார்கரெட் எனக்குக் கொடியேற்றுவதுபோல் உயர்த்திக் காட்டினார். இயந்திரம் தேவைப்படவில்லை. அன்று மாலை என் கணவர் என்னைப் பார்த்து, "ஏன் இம்புட்டு மெலிஞ்சிட்ட?" என்றார். 'நீங்க' போய்விட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

அந்தப் பிற்பகல் அவருக்கு நினைவில்லை. நான் சொல்லும்போதெல்லாம், "கடைசில அந்தப் பிள்ள வந்துச்சா இல்லையா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

இன்று காலையும் டோரத்தி வானத்தைத் திட்டினார். என் கணவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மோசம், படுமோசம்" என்று ஆங்கிலத்தில் ஒத்துப் பாடினார். கதவைச் சாத்தியதும் என் பக்கம் திரும்பி, "இதுல பாதி தம்பி வயலுக்குப் போனாப் போதும்," என்றார். பிறகு மதுரையிலிருந்து கொண்டுவந்த டம்ளரில் தண்ணீரை விளிம்புவரை நிறைத்து, சன்னலருகே நின்று, மழையைப் பார்த்தபடி நிதானமாகக் குடித்து முடித்தார்.