சொல்லாமல் விட்ட தீவு

திண்டுக்கல் பக்கம் அகரத்தில் எனக்குப் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை. கட்டிப் பூசின வார்னிஷ் காய்கிற வரைக்கும் கைக்கு வேலை கிடையாது. போனில் பூமியைப் பற்றிய வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவேன். தோட்டத்தில் போர்வெல் போட்டபோது வந்த கல்லை ஊர்க்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து, "இது என்ன கல்லுண்ணே?" என்பார்கள். எட்டாவதோடு நின்றவனிடம் ஊரே இப்படிக் கேட்டால் தலை கனக்குமா, கனக்காதா? அந்தக் கனம் ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்தது.

பக்கத்துத் தோட்டத்தில் சம்பங்கி போட்டிருப்பவர் எனக்கு அண்ணன் முறை. அவர் மகள் வேடசந்தூரில் மில் ஆபீசில் இருக்கிறாள். என்னைச் சித்தப்பா என்பாள். பாலசமுத்திரத்துப் பையன் ஒருவன் அமைந்தான், அந்தமானில் போர்ட் பிளேரில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், போனில் பேசிக்கொண்டுமிருந்தார்கள். வெள்ளிக்கிழமை பையன் வீட்டார் வந்து கை நனைப்பதாக ஏற்பாடு. பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. புதன்கிழமை சாயங்காலம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, அந்தமான்ல எரிமலை இருக்காமே? நீதான் இதெல்லாம் பாக்குறவன். செத்த நேரம் உக்காந்து சொல்லு."

வெள்ளிக்கிழமைக்கு வாங்கி வைத்திருந்த வெற்றிலையில் இரண்டை உருவினேன்.

"இது நம்ம இந்தியா இருக்குற பாறை. இது கிழக்குப் பாறை. நம்முது நகம் வளர்ற வேகத்துல நகந்து, அதுக்கு அடியில சொருகுது. கூடவே கடல் தண்ணியும் உள்ள போகுது. ஆழத்துல அந்தத் தண்ணி பிரிஞ்சு, மேல இருக்குற சூட்டுப் பாறையில ஏறும். ஏறுனா பாறை உருகிரும்."

"ஆத்தாடி, தண்ணி பட்டா அணையத்தான செய்யும்?" என்றார் மதினி.

"ஐஸ்ல உப்பு போட்டா சீக்கிரம் கரையுதுல்ல? அது மாதிரிதான் மதினி. உருகுன குழம்பு மேல வந்து, வில்லாட்டம் வளைஞ்ச ஒரு வரிசையில எரிமலையா கக்கும். அந்தமான் பக்கம் ஒண்ணு இன்னும் உசுரோட இருக்கு."

வீட்டுக்குள் ஆறேழு பேர். ஒருத்தர் கூட இமைக்கவில்லை. மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் மீதியைச் சொல்லியிருக்க வேண்டும். எரிமலை இருக்கிற தீவில் குடியே கிடையாது. போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் பல மணி நேரம் போகவேண்டும். சனம் இருக்கிற தீவுகள் அந்த வரிசையே இல்லை. மண்வெட்டியைச் சாய்த்துத் தள்ளினால் முன்னால் மண் குமிகிறதல்லவா, அப்படிச் சொருகும்போது வழித்துக் குமித்த கடலடி மண்ணும் பாறையும்தான் அவை. நிலநடுக்கம் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாசலில் எரிமலை கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் அந்தக் கண்களெல்லாம் சாதாரணமாகிவிடுமே என்று இருந்தது. "நம்ம திண்டுக்கல் பாறை பல கோடி வருசத்துப் பாறை, அசையாது" என்று முடித்துவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாளே அண்ணன் வீட்டில் பையன் வீட்டாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு விஷயம் தெரிந்தும் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. யாராவது கல்லைக் கொண்டுவந்தால் கண்ணாடி எடுத்துவரவில்லை என்பேன். கடைசியில் தாங்காமல் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. அங்கேயே பாலசமுத்திரத்துக்குப் போன் போட்டார். பையனின் அம்மா குரல் வெளியே கேட்டது.

"ஏனுங்க, வேண்டாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க? அவனுக்கு வேற இடத்துல பேசி, சாப்பிட்டும் வந்துட்டமுங்க."

அண்ணன் போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

மறுநாள் காலை மில் பஸ்ஸுக்கு நின்றிருந்த அவளிடம் போனேன். "எரிமலை அங்க இல்லம்மா, அது தூரத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சித்தப்பா. அவரு முன்னாடியே போன்ல சொல்லிட்டாரு."

"பெறகு ஏன் தாயி நீ வாயத் தொறக்கல?"

"நான் சொன்னா, ஆசையில சொல்றேம்பாங்க. நீங்க சொன்னா அப்பா நம்புவாரு. அடுப்படியிலதான் நின்னேன். இப்பச் சொல்லுவீங்க, இப்பச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க காப்பி கேட்டீங்க. நான்தான் போட்டுக் குடுத்துவிட்டேன்."

பஸ் வந்தது. "வாரேன் சித்தப்பா" என்று ஏறிக்கொண்டாள்.