எதிரிக்குச் செய்த முந்திரிக்கொத்து

என் தம்பியைக் கொன்றவர்கள் நான் செய்த முந்திரிக்கொத்தைத் தின்றவர்கள். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

அவன் ராணுவத்தில், வடக்கு எல்லையில் இருந்தான். போன கிறிஸ்துமஸுக்குத் தலைநகரில் எங்கள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பா நிறைய முந்திரிக்கொத்து அனுப்பினேன். பண்டிகை நாளில் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தால் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் இனிப்பு மாற்றிக்கொள்வார்களாம். டப்பாவை அப்படியே எதிர்ப்பக்கத்தாரிடம் கொடுத்துவிட்டு, தின்றவர்கள் பிரமாதம் என்றார்கள் என்று போனில் பெருமைப்பட்டான். மூன்றே வாரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து வந்த குண்டு அவனைக் கொண்டுபோனது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது வேறென்ன? பகைவரைச் சிநேகியுங்கள் என்று போதகர் பிரசங்கித்த ஞாயிற்றுக்கிழமை நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

இந்த டிசம்பரில், அவனோடு ஒரே பங்கரில் இருந்த மதுரைக்காரச் சிப்பாய் விடுமுறை முடிந்து திரும்பும் வழியில் வீட்டுக்கு வந்தான். கையில் அதே டப்பா. ரம்ஜானன்று அவர்கள் அதில் பேரீச்சம்பழம் நிரப்பித் திருப்பித் தந்தார்களாம். வாங்கின பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கக் கூடாதாம். அந்த நாகரிகமெல்லாம் அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் கொடுக்க வேண்டும் என்று தம்பி போன வருடமே சொல்லிக்கொண்டிருந்ததாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான். நான் தயங்கவே இல்லை. மறுநாள் காலை வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

பாசிப்பயறு வறுத்துப் பொடித்து வெல்லப் பாகில் கொட்டினேன். கூடவே, கரோல் பாக் கடைக்காரர் ‘பஹுத் தீக்கா ஹை, பெஹன்ஜி’ என்று அதன் காரத்தை எச்சரித்துக் கொடுத்த மிளகாய்த் தூள் மூன்று கரண்டி. உருட்டும்போது உள்ளங்கை எரிந்தது. அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. குண்டுக்குப் பதில் மிளகாய்த் தூளா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். என் கையில் இருந்தது அதுதான்.

காலையில் வந்தவன், நான் டப்பாவுக்கு டேப் சுற்றுவதைப் பார்த்தான்.

“ரொம்பச் சுத்தாதீங்கக்கா. மொதல்ல குடுக்குறவன் அவங்க முன்னாடி ஒன்னு தின்னு காட்டணும். போன வருசம் உங்க தம்பிதேன் தின்னான். இந்த வருசம் நான்.”

மேலே ஒன்றை மட்டும் இனிப்பாக வைத்துவிட்டால் போயிற்று என்றுதான் முதலில் தோன்றியது. அவ்வளவு வெறி. பிறகுதான் உறைத்தது. காரம் அவர்கள் தொண்டையில் ஏறும்போது எதிரே வெறுங்கையோடு நிற்கப்போகிறவன் இவன். மதுரையில் இவனுக்கும் ஓர் அக்கா இருப்பாள்.

சரியாக வேகவில்லை என்று பொய் சொல்லி டப்பாவை உள்ளே எடுத்துப் போனேன். ரயில் மாலையில்தான். அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடி பயறு வறுத்தேன். அவன் தேங்காய் துருவிக் கொடுத்தான்.

கிளம்பும்போது, “மொதல்ல நீ வயிறு நெறயத் தின்னு. மிச்சம் இருந்தா அவனுவளுக்குக் குடு” என்றேன்.

அவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. வெல்லம் போட்டது இவனுக்காக. அந்த டப்பாவை இவன் கையிலிருந்துதான் நான் திரும்ப வாங்க வேண்டும்.